கறவை மெஷினும் மாமனாரின் தொண்டையும்

அவளுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். நனைந்து காயாத துணியின் வாடை, யாரோ கடித்து வைத்த பழம், சீப்பில் சுற்றிக் கிடக்கும் முடி, பால் மேல் படியும் ஆடை என்று ஒன்றையும் விடமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டால் தட்டோடு எழுந்து போய்விடுவாள்.

பால் கறக்கும் மெஷின் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவு இன்ஜினியராகச் சேர்ந்தபோது, இரும்புக்கு என்ன நாற்றம் இருக்கப் போகிறது என்று நினைத்துத்தான் சேர்ந்தாள். பழுதுபார்க்க வரும் மெஷின்கள் பண்ணையிலிருந்து கழுவாமலே வரும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ரப்பர் குழாயைக் கழற்றினால் உள்ளே புளித்த பால், தயிரும் இல்லாமல் மோரும் இல்லாமல், பச்சையாகப் பூத்துக் கிடக்கும். அதில் மாட்டு முடி வேறு ஒட்டியிருக்கும். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வாள். ஆபீசில் அவளுக்கு ‘சுத்தம்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். “சுத்தம் வந்தாச்சா?”, “சுத்தம் சாப்பிட்டாச்சா?” என்று கேட்பார்கள். அவள் பார்த்த வேலையில் ஏதாவது கோளாறு வந்தால் மட்டும், “போச்சு, சுத்தம்!” என்பார்கள். அதற்கு அர்த்தம் வேறு.

இப்படிப்பட்டவள் தலையில்தான் மாமனாரின் சளி வந்து விடிந்தது.

மாமனார் ஏலக்காரராக இருந்தவர். பழைய பீரோவிலிருந்து பயணிகள் மறந்துவிட்டுப் போன குடை வரைக்கும் கூவிக் கூவியே விற்ற மனுஷர். அவர் இங்கே ‘ஒரு தரம்’ என்று குரல் எடுத்தால் அடுத்த தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்து அழும் என்பார்கள். அந்தத் தொண்டை வழியாகவே வாழ்நாள் முழுக்கப் புகையும் போய் வந்துகொண்டிருந்தது. கட்டி வந்தது. டாக்டர்கள் கட்டியைக் கரைத்தார்கள். ஆனால் தொண்டை உள்ளே சுருங்கிவிட்டதால், கழுத்துக் குழியில் ஒரு துளை போட்டு, வளைந்த குழாய் ஒன்றைச் செருகி, மூச்சுக்கு வேறு வழி செய்துவிட்டார்கள். பேச வேண்டுமென்றால் அந்தக் குழாயின் வாயை விரலால் பொத்திக்கொள்ள வேண்டும். அப்போது கரகரவென்று, ஓட்டைத் தகரத்தை இழுப்பதுபோல, ஒரு குரல் வரும். அந்தக் குரலிலும் அவர் பேச்சைக் குறைக்கவில்லை.

கழுத்தில் துளை இருப்பவர்களுக்குச் சளியை இருமித் துப்ப முடியாது. அது குழாய்க்குள்ளேயே தங்கி, காய்ந்து, கெட்டியாகும். அதற்காக ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன மெஷின் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து வரும் மெல்லிய குழாயைத் துளைக்குள் விட்டு ஸ்விட்சைப் போட்டால் சர்ரென்று உறிஞ்சி ஒரு கண்ணாடி ஜாடிக்குள் தள்ளும். இதை நாளுக்குப் பல முறை செய்ய வேண்டும். செய்ய வேண்டிய ஆள் அவள். கணவன் சரக்கு லாரி ஓட்டுபவன். வீட்டில் இருக்கும் நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம். மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் மட்டும் எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துக்கொள்வாள்.

அவள் முகத்தை அப்படியே சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் மட்டும் தடவிக் குழாயை விடுவாள். சத்தம்தான் அவளைக் கொன்றது. கொழகொழவென்று, அடி ஒட்டிய கஞ்சியை யாரோ உறிஞ்சிக் குடிப்பதுபோல. முடிந்ததும் ஓடிப்போய் வாஷ்பேசினில் ஓங்கரிப்பாள். மாமனார் துளையைப் பொத்திக்கொண்டு கேட்பார்:

“ஏம்மா, மாசமா இருக்கியா?”

“சும்மா இருங்க மாமா.”

“இல்ல, அடிக்கடி வாந்தி எடுக்கறியே, நல்ல சேதியா இருக்குமோன்னு கேட்டேன்.”

சிரிப்பார். சிரித்தால் குழாய் வழியாக மறுபடி நுரை வரும். மறுபடி மெஷின். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

எல்லாவற்றிலும் அவளுக்குத் தாங்க முடியாதது அந்த ஜாடிதான். கண்ணாடியாக இருப்பதால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். மஞ்சளும் பச்சையுமாக, அடியில் கட்டி, மேலே நுரை. அதைத் திறந்து கழிவறையில் கொட்டிக் கழுவுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். அதனால் தள்ளிப்போடுவாள். காலையில் கொட்ட வேண்டியதைச் சாயங்காலம் கொட்டுவாள். சாயங்காலம் வந்தால், இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதே என்று மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவாள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்றுதானே அர்த்தம்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அது தன் வேலையைக் காட்டியது. மாமனார் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குழாயில் கொறகொறவென்று சத்தம் கேட்டது. அவள் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டாள். மெஷின் ஒரு முனகல் முனகியது. சத்தம் மாறியது. ஒரு வாடை வந்தது, சூடேறிய மோட்டாரும் அழுகியதும் கலந்த வாடை. அப்புறம் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தாள். துண்டுக்கு அடியில் ஜாடி நிறைந்து வழிந்து, சளி முழுக்க மோட்டாருக்குள் ஏறியிருந்தது.

அதைப் பார்த்ததும் பயம் வரவில்லை. முதலில் வந்தது குமட்டல்தான். அப்புறம்தான் மாமனாரின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் பேப்பரைக் கீழே போட்டிருந்தார். இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மார்பு ஏறி இறங்குகிறது, காற்று போகவில்லை. உதடு நீலம் பூத்துக்கொண்டு வந்தது. அவள் குழாயின் உள் உறையை உருவிப் பார்த்தாள். அது காலியாகத்தான் இருந்தது. அடைப்பு இன்னும் கீழே, கை எட்டாத இடத்தில். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். கிளம்பிவிட்டோம் என்றார்கள். அவர்கள் கிளம்பி, சிக்னலில் நின்று, மாடிப்படி ஏறி வருவதற்குள் இந்த மனுஷர் இருக்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வாசல் பக்கம் அவளுடைய சோதனைப் பெட்டி இருந்தது. மறுநாள் நேராக ஒரு பண்ணைக்குப் போக வேண்டும் என்பதால் கம்பெனியிலிருந்து எடுத்து வந்திருந்தாள். அதற்குள் கறவை மெஷினின் சின்ன பம்ப் ஒன்று, புத்தம் புதுசு, எந்த மாட்டையும் தொடாதது. அவள் யோசிக்கவில்லை. பெட்டியை இழுத்து வந்தாள். மாட்டுக்கு வைக்கும் அழுத்தம் மனுஷத் தொண்டையைப் பிய்த்துவிடும் என்பதால் திருகைக் குறைந்த அளவுக்குத் திருப்பினாள். அந்த மட்டும் புத்தி வேலை செய்தது. மாமனாரின் மெல்லிய குழாயைப் பம்பின் ரப்பர் வாயில் சொருகி, மறுமுனையைத் துளைக்குள் விட்டு, விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டாள்.

அவள் மறந்தது ஒன்றுதான். கறவை மெஷின் ஒரே இழுப்பாக இழுக்காது. அப்படி இழுத்தால் மாட்டுக்கு மடி புண்ணாகிவிடும். அதனால் துடிப்பி என்று ஒரு பாகம் வைத்திருப்பார்கள். கன்றுக்குட்டி சப்புவதுபோல இழுத்து விடும், இழுத்து விடும். அதை அவள் கழற்றவில்லை. டக், டக், டக் என்று அது துடிக்க ஆரம்பித்ததும், ‘ஐயோ, இதைக் கழற்றாம விட்டுட்டேனே’ என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கழற்றப் போனால் குழாயை விட வேண்டும். விட்டால் காற்று புகுந்துவிடும். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட நேரமில்லை.

அவள் கண் முன்னாலேயே வந்தது. முதலில் கொஞ்சம் நூல் நூலாக. பிறகு குழாய்க்குள் ஏதோ முட்டி நின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் அது கொஞ்சம் முன்னே வந்து கொஞ்சம் பின்னே போனது. அப்படி அசைந்து அசைந்து ஓரம் தளர்ந்து, அவள் குழாயை மெல்ல இழுக்க, ‘பொளக்’ என்று குழாயின் முனையோடு ஒட்டிக்கொண்டு துளைக்கு வெளியே வந்து விழுந்தது. அவள் முழங்கையில் விழுந்தது. பெரியவர்களின் சுண்டுவிரல் அளவு, மூச்சுக்குழலின் அச்சை அப்படியே எடுத்ததுபோல, இரண்டு கிளை விட்டு, கறுப்பும் பச்சையும் ரத்தத் திட்டுமாக. வெதுவெதுப்பாக இருந்தது.

மாமனார் ‘ஹா’வென்று காற்றை இழுத்தார். அவள் அங்கேயே, அவர் கால்மாட்டிலேயே, வாந்தி எடுத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது நோயாளி தெம்பாக உட்கார்ந்திருந்தார். மருமகள்தான் தரையில் சாய்ந்து கிடந்தாள். வந்தவர்களில் ஒருவர் அவளுடைய நாடியைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சளிக்கட்டியை அவள் தூக்கிப்போடப் போனாள். மாமனார் விடவில்லை. காலி கண்ணாடி பாட்டில் ஒன்றில் போட்டு மூடி வைக்கச் சொன்னார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைத் தூக்கிக் காட்டுவார். துளையைப் பொத்திக்கொண்டு, “பாத்துக்குங்க, இந்த மாதிரி சரக்கு வேற எங்கயும் கிடைக்காது. கேக்கறவங்க கேக்கலாம். ஒரு தரம்…” என்பார். எதிர்வீட்டு அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மருமகளோ அந்த பாட்டில் இருக்கும் அலமாரிப் பக்கமே போவதில்லை.

கம்பெனியில் சேதி பரவியது. “என்ன சுத்தம், மாமனாரைக் கறந்துட்டியாமே? எத்தனை லிட்டர்?” என்று ஒருவர் கேட்டார். அவர் வாயில் மென்றுகொண்டிருந்தது தெரியச் சிரித்தார். உயிர் போகிற நேரத்தைப் பற்றி இப்படியா ஒரு மனுஷன் பேசுவான் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. முதலாளி தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

“இதை வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. பண்ணைக்காரன் காதுக்குப் போச்சுன்னா, சளி எடுத்த மெஷின்ல பால் கறப்பானா? பேரே நாறிடும்.”

“அது புது மெஷின் சார். அதை நான் திருப்பிக் கொண்டுவரப் போறதும் இல்ல.”

“புதுசோ பழசோ, நெனச்சாலே ஒருமாதிரி இருக்குல்ல?” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டார். ‘எப்படியிருக்கார் மாமனார்’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த முறை தொண்டை டாக்டரிடம் போனபோது மாமனார் அந்த பாட்டிலையும் எடுத்து வந்துவிட்டார். டாக்டர் நடுவயசுப் பெண்மணி, அதட்டிப் பேசுகிறவர்.

“கறவை மெஷினா? மாட்டுக்குப் போடறதா? உங்களுக்கு என்ன பைத்தியமா? அழுத்தம் கூடியிருந்தா நுரையீரலே கிழிஞ்சிருக்கும், தெரியுமா?”

“தெரியும் டாக்டர். குறைச்சு வெச்சேன்.”

டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றவர்கள் பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பார்களே, அப்படி. அவள் சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“முழுசா வந்திருக்கு. கிளையோட. இதை நாங்க எடுக்கணும்னா மயக்க மருந்து குடுத்து, உள்ள விளக்கு விட்டு, துண்டு துண்டா எடுக்கணும். அதுக்குள்ள பாதிப் பேர்…” நிறுத்தினார். “எப்படிப் பண்ணீங்க? மறுபடியும் சொல்லுங்க. ஒண்ணும் விடாம.”

அவள் துடிப்பியைக் கழற்ற மறந்ததைச் சொன்னாள்.

“காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா இருக்கலாம்” என்றார் டாக்டர். “அந்தக் கட்டி தானாவே அந்த நேரத்துல தளர்ந்திருக்கலாம். மறுபடி நடந்தாத்தான் விஷயம். நடத்திப் பாப்போமா?”

“என்னாலயா? டாக்டர், எனக்குச் சளின்னாலே…”

“எனக்கு மட்டும் என்ன, பாயசமா?”

பாட்டிலை டாக்டரே பரிசோதனைக்கு என்று எடுத்துக்கொண்டுவிட்டார். மாமனாருக்குத்தான் வருத்தம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் சாப்பிடுகிறவர்கள் கையைக் கழுவிவிடுவார்கள். சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு அறையில் இருவரும் உட்கார்ந்து பொய்ச் சளி தயாரித்தார்கள். முட்டையின் வெள்ளைக்கருவும் வெண்டைக்காய் நசுக்கிய நீரும் பிசினும் கலந்து பார்த்தார்கள். இரண்டு நாள் வைத்தால்தான் சரியான கெட்டி வந்தது, இரண்டு நாள் வைத்தால் நாறியது. அதைக் கண்ணாடிக் குழலில் அடைத்து, ஒரே இழுப்பாக இழுத்தால் என்ன ஆகிறது, துடித்துத் துடித்து இழுத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். ஒரே இழுப்புக்குக் குழாயின் முனையிலேயே அடைத்துக்கொண்டு நின்றது. துடிப்புக்கு வந்தது. எப்போதும் வரவில்லை, ஆனால் பல முறை வந்தது. வேகத்தை மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். பொய்ச் சளியில் வந்தது நிஜச் சளியில் வராமல் போனது. சில மாதம் வேலையே நின்றுபோய், டாக்டர் அவள் போனை எடுக்காமல்கூட இருந்தார். பிறகு அவரே கூப்பிட்டு, “குழாயோட வாய் தப்பு. சாய்வா வெட்டிப் பாக்கலாம், வாங்க” என்றார்.

ஆஸ்பத்திரிக் குழு பல கேள்விகள் கேட்டு, நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க அனுமதி கொடுத்தபோது முதல் ஆளாக முன்வந்தது மாமனார்தான். “ஏற்கனவே ஒருதரம் கறந்தாச்சு. எனக்கென்ன வெக்கம்?” என்றார்.

ஜாடி விஷயத்தில் மட்டும் டாக்டருக்கும் அவளுக்கும் பெரிய சண்டை வந்தது. கண்ணாடி ஜாடி வைத்தால் நான் இந்த வேலைக்கே வரமாட்டேன் என்றாள் அவள். நிறத்தைப் பார்க்காமல் வைத்தியம் பார்க்க முடியாது, ரத்தம் வந்தால் எப்படித் தெரியும் என்றார் டாக்டர். கடைசியில் கறுப்பு ஜாடியில், வேண்டும்போது மட்டும் தள்ளித் திறந்து பார்க்கும்படி ஒரு சின்ன ஜன்னல் வைத்தாள். ஜாடி நிறைவதற்கு முன்னால் மோட்டார் தானே நின்று கூவும்படி ஒரு மிதவையும் போட்டாள். ‘கொட்டாமல் தள்ளிப்போடுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தி மட்டும் இருக்கமாட்டேன்’ என்று அவளுக்குத் தெரியும். வார்டில் நர்சுகள் துடிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கறுப்பு ஜாடியைத்தான் கொண்டாடினார்கள்.

மெஷின் வேலை செய்கிறது என்று உறுதியானதும் முதலாளிக்கு முகச்சுளிப்பெல்லாம் பறந்துவிட்டது. எங்கள் கம்பெனி, எங்கள் மெஷின், எங்கள் பெண் என்று ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரி அரங்கில் விழா வைத்தார்கள். மேடையில் அவளை உட்காரவைத்து, முன்வரிசையில் மாமனாரையும் கணவனையும் உட்காரவைத்தார்கள். முதலாளி மைக்கைப் பிடித்தார்.

“மாமனாரைப் பெத்த தகப்பனா நெனச்சவங்க இவங்க. அந்தச் சளியைக்கூட சந்தனமா நெனச்சுத் தன் கையால தொட்டுத் துடைச்சவங்க. அவர் படற கஷ்டத்தைப் பாத்துக் கண்ணீர் வடிச்சு, இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சே தீருவேன்னு இரவு பகலா ஆராய்ச்சி பண்ணாங்க. அப்ப நான்தான் சொன்னேன், ‘நீ தைரியமாச் செய்ம்மா, கம்பெனி உன் பின்னால நிக்குது’ன்னு…”

அவளுக்கு வயிற்றைப் பிரட்டியது. இதுவரை அவள் பார்த்த எந்தக் கசடும் இப்படிப் பிரட்டியதில்லை. அது பாவம், உடம்பு தள்ளுகிற கழிவு. அதற்கு வேறு வழி இல்லை. இது அப்படியா? வாய்கூசாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பூ வாசனையோடு ஒருவன் துப்புவது. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதைப் பார்க்க இன்னும் குமட்டியது. எழுந்து போய்விடலாமா என்று கதவைப் பார்த்தாள்.

அதற்குள் முன்வரிசையில் மாமனார் எழுந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. கழுத்துத் துளையை விரலால் பொத்திக்கொண்டார். மைக்கே தேவைப்படவில்லை.

“சந்தனமும் இல்ல, சாம்பிராணியும் இல்ல. இவ மூக்கைப் பொத்திக்கிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் செஞ்சா. ஜாடியைக் கொட்டறதுக்கு அருவருத்துக்கிட்டு அப்படியே விட்டா. மெஷின் செத்துப்போச்சு. நானும் சாகப் பாத்தேன். மாட்டு மெஷினைக் கொண்டாந்து மாட்டினா, அதுலயும் ஒரு பாகத்தைக் கழட்ட மறந்துட்டா. அவ மறந்ததுலதான் நான் பொழச்சேன்.” மூச்சு வாங்கிவிட்டு மறுபடி பொத்தினார். “அருவருத்துக்கிட்டே ஒருநாள் விடாம செஞ்சாளே, அதைச் சொல்லுங்கய்யா. புடிச்சுச் செய்யறது என்ன பெரிய விஷயம்?”

அரங்கம் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்தது. முதலாளியும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்து, கைகூடத் தட்டினார். அப்படிப்பட்ட ஆள். கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே, ஜாடியைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான். கழுவிவிட்டு வெளிறிப்போய் வந்து, “இதையா நீ தினமும்…” என்று ஆரம்பித்தான். “ஆமா” என்றாள் அவள்.

மாமனார் அதற்குப் பிறகு இரண்டு வருஷம்போல நன்றாகவே இருந்தார். ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். தொண்டையில் ஒரு அடைப்பும் இல்லை. அவள் நிறைய அழுதாள். தன்னால் இவ்வளவு அழ முடியும் என்று அவளுக்கே தெரியாது.

கறவை மெஷின் கம்பெனியை விட்டுவிட்டு அவள் ஆஸ்பத்திரி மெஷின்கள் செய்கிற இடத்துக்கு மாறினாள். குழந்தைகளுக்கென்று அந்தச் சளி மெஷினையே சின்ன அளவில் செய்து, டாக்டரின் வார்டிலேயே முதலில் கொடுத்திருந்தார்கள். அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒருநாள் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் நடக்கப் பழகும் வயசுக் குழந்தை ஒன்று, கழுத்தில் குழாயோடு, மூச்சு சீராகித் தூங்கிக்கொண்டிருந்தது. சற்று முன்னால்தான் அடைப்பு எடுத்திருந்தார்கள். பக்கத்தில் அதன் அம்மா நின்றிருந்தாள். மெஷின் செய்தவள் இவள்தான் என்று நர்ஸ் சொன்னதும், அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கறுப்பு ஜாடியைத் தூக்கி, அதன் சின்ன ஜன்னலைத் தள்ளித் திறந்து, அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“அக்கா, பாருங்களேன்! எவ்வளவு வந்திருக்கு பாருங்க! இத்தனையும் அந்தச் சின்ன நெஞ்சுக்குள்ள இருந்துச்சுக்கா! நல்லாப் பாருங்க!”

அந்தப் பெண்ணின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. மறுக்க மனசு வரவில்லை. அவள் குனிந்து நன்றாகப் பார்த்தாள். பச்சையாக, நூல் நூலாக, மேலே குமிழியோடு இருந்தது. “ஆமாம்மா, நிறைய வந்திருக்கு” என்று சொல்லி முடிப்பதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு வார்டின் மூலையில் இருந்த வாஷ்பேசினுக்கு ஓடினாள். அந்தப் பெண் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, “ஐயோ அக்கா, என்னாச்சு?” என்று அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, முதுகைத் தடவிக்கொடுத்தாள்.